பத்துக் கேள்விக்குறிகள்

முப்பத்தேழு வருடங்கள் அலுவலகத்தில் இருந்தேன். கடைசிப் பதினொரு வருடம் கண்காணிப்பாளர். என் மேசைக்கு வந்த கோப்பு எதுவும் என் கைபடாமல் அடுத்த மேசைக்குப் போனதில்லை. கடைசித் தாளின் அடியில் 'பார்த்தேன்' என்று எழுதுவேன், பக்கத்தில் தேதி போடுவேன். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லின் அருமை வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. சரி என்றும் அர்த்தமில்லை, கூடாது என்றும் அர்த்தமில்லை. நாளைக்கு ஏதாவது வில்லங்கம் வந்தால் மேலே உத்தரவு போட்டவர் தலை உருளும், இல்லாவிட்டால் கீழே குறிப்பு எழுதியவர் தலை உருளும். நடுவில் பார்த்தவனை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. 'படித்தேன்' என்று எழுதியிருந்தால்தான் மாட்டிக்கொள்வான்.

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்ததும் கை பரபரத்தது. முதல் வாரம் மளிகைச் சீட்டின் அடியில் 'பார்த்தேன்' என்று எழுதிவைத்தேன். அதன் பிறகு என் மனைவி சீட்டு எழுதுவதையே நிறுத்திவிட்டாள். இரண்டாவது வாரம்தான் கூடத்து மூலையில் இருந்த கம்ப்யூட்டர் கண்ணில் பட்டது. மகள் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியது, பன்னிரண்டு வருடப் பழசு. அவள் கல்யாணமாகிப் போனபோது இதை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனாள். திறந்து பார்த்தால் உள்ளே ஆயிரக்கணக்கில் ஃபைல்கள். ஒன்றில்கூட யாரும் பார்த்ததற்கான அடையாளம் இல்லை. இத்தனை வருடம் இந்த இயந்திரம் எப்படித்தான் ஓடியதோ!

அன்றிலிருந்து தினமும் சாயந்தரம் பத்து ஃபைல். ஒவ்வொன்றாகத் திறப்பேன், அடிக்குப் போவேன், 'பார்த்தேன்' என்று தட்டுவேன், தேதி போடுவேன், சேமிப்பேன். உள்ளே இருந்தவை பெரும்பாலும் கட்டம் கட்டமாக, கோணல் மாணலாக, ஒன்றும் புரியாத எழுத்துகள். அதனால் என்ன, அலுவலகத்திலும் வந்ததெல்லாம் புரிந்தா பார்த்தேன்? முதலில் இரண்டு சீட்டு விளையாட்டுகள் நின்றுபோயின. வீட்டில் யாரும் விளையாடுவதில்லை என்பதால் புகார் ஏதும் வரவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்ப்யூட்டருக்குள் ஃபைல்கள் அடுக்கியிருந்த வேறொரு பெட்டிக்குள் நுழைந்தேன். அங்கே ஒரு ஃபைலைச் சேமிக்கப் போனபோது கம்ப்யூட்டர் இரண்டு முறை என்னவோ கேட்டது. புதிதாக ஒருவர் பொறுப்பேற்றால் கீழே இருப்பவர்கள் இப்படிக் கேள்வி கேட்பது வழக்கம்தான். இரண்டு முறையும் 'சரி' என்பதை அழுத்தினேன்.

திங்கட்கிழமை காலை என் மனைவி பொத்தானை அழுத்தினாள். திரை கறுப்பாக வந்தது. நடுவில் வெள்ளை எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி: இன்ன ஃபைலைக் காணவில்லை, அல்லது கெட்டுப்போயிருக்கிறது. மறுபடி அணைத்துப் போட்டாள். மறுபடியும் அதே வரி.

என் மனைவி அறிவியல் ஆசிரியை. அவளும் ஓய்வு பெற்றவள்தான், ஆனால் அது அவளுக்கு இன்னும் தெரியாது. வீட்டில் கிடைக்கும் சாமான்களை வைத்தே பிள்ளைகள் செய்து பார்க்கக்கூடிய முப்பத்தொன்பது சோதனைகள், நூற்று நாற்பது பக்கம். மூன்று வருடமாக அந்தக் கம்ப்யூட்டரில் தட்டித் தட்டி ஒரு புத்தகம் எழுதி முடித்திருந்தாள். பதிப்பகத்தில் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அவர்கள் கைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் இந்த வருடப் பட்டியலில் இடமில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். புத்தகம் வேறு எங்கும் இல்லை. ஒரு நகல் எடுத்துவைக்கலாமா என்று அவள் ஒருநாள் கேட்டாள்தான். அசல் பத்திரமாக இருக்கும்போது நகல் எதற்கு என்று சொன்ன புண்ணியவான் நான்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திச் சமாளித்திருப்பேன்.

"நேத்து சாயந்தரம் எத்தனை ஃபைல் பார்த்தீங்க?" என்றாள்.

"எப்பவும் போல பத்து."

"எதுல கைவச்சீங்க?"

"உன்னோட ஃபைல் பக்கமே போகலை. அதுதான் நான் முன்னாடியே பார்த்தாச்சே."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதை நான் பார்த்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். நாலு மாதத்துக்கு முன்னால் அவள் புத்தகத்தை முடித்த அன்று என்னை உட்காரவைத்து, "முழுசாப் படிச்சுட்டு உங்க அபிப்பிராயம் சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் நான் நேராக நூற்று நாற்பதாம் பக்கத்துக்குப் போய் 'பார்த்தேன்' என்று போட்டுத் தேதியும் போட்டுவிட்டேன். ஒரு வரி படிக்கவில்லை. "என்ன, படிச்சீங்களா?" என்று கேட்டதற்கு, "கடைசிப் பக்கத்துல எழுதியிருக்கேன், பாரு" என்றேன். போய்ப் பார்த்தாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நானும் விஷயம் முடிந்தது என்று விட்டுவிட்டேன்.

ஆக, என் மனைவியின் மூன்று வருட உழைப்பை நான் படிக்கவும் இல்லை, இப்போது யாரும் படிக்க முடியாதபடியும் செய்துவிட்டேன். அவளோ ஒரு நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு, ஞாபகத்தில் இருக்கும் சோதனைகளை மறுபடி எழுத ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமைக்குள் நூற்று நாற்பது பக்கம்! நான் எதிரே போய் நின்றால் எழுதுவதை நிறுத்திவிட்டு நான் நகரும்வரை காத்திருந்தாள்.

எங்கள் தெருமுனையில் கம்ப்யூட்டர், டார்ச் லைட், இஸ்திரிப் பெட்டி எல்லாம் பழுது பார்க்கும் ஒருவர் இருக்கிறார். எதை எடுத்துக்கொண்டு போனாலும் முதலில் காதை வைத்துக் கேட்பார், அதனால் டாக்டர் என்று பெயர். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் கடை பூட்டியிருந்தது. புதன்கிழமை காலை கடை திறக்கும்போதே பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்தேன்.

"ஹார்ட் டிஸ்க் போயிருந்தா ஒன்னும் பண்ண முடியாது சார். சிஸ்டம் ஃபைல் ஒன்னு மட்டும் கெட்டுப்போயிருந்தா பொழச்சுக்கும். வாங்கும்போது ஒரு சிடி குடுத்திருப்பாங்களே, அது இருக்கா? யார் வீட்லயும் இருக்காது, சும்மா கேட்டு வைக்கிறேன்."

இரண்டு நிமிடத்தில் கொண்டுவந்து கொடுத்தேன். உறை, ரசீது, வரிசை எண் எல்லாம் சேர்த்து. டாக்டர் அசந்துபோனார். அந்த இரண்டு நாளில் நான் தலை நிமிர்ந்து நின்றது அந்த ஒரு நிமிடம்தான்.

சிடியைப் போட்டு ஆரம்பித்தார். நீலத் திரை வந்தது, ஏதோ ஓர் எழுத்தை அழுத்தினார், திரை கறுப்பானது. பாஸ்வேர்டு கேட்டது. "அப்படி எதுவும் வைக்கலை" என்றாள் என் மனைவி. அவர் வெறுமனே தட்டினார், வழிவிட்டது. "மாத்தறதுக்கு முன்னாடி பழசுல என்ன ஆச்சுன்னு ஒரு தடவை பார்த்துடறேன்" என்று கெட்டுப்போன ஃபைலைத் திறந்து காட்டச் சொன்னார். கன்னாபின்னாவென்று எழுத்துகள் மேலே ஓடின. கடைசி வரியில் வந்து நின்றது. டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது என்ன சார்? கடைசியில பத்து கேள்விக்குறி. பக்கத்துல தேதி."

எனக்குப் புரிந்துவிட்டது. 'பார்த்தேன்' என்று தமிழில் நான் தட்டியதை அந்த ஃபைலால் வைத்துக்கொள்ள முடியவில்லை. எழுத்து, கால், கொம்பு, புள்ளி என்று ஒவ்வோர் அடையாளத்துக்கும் ஒரு கேள்விக்குறியாக மாற்றி வைத்திருந்தது. நான் சுவரைப் பார்த்தேன்.

"இருபது வருஷமா வைரஸ் பார்க்கறேன்மா. தேதி போட்டுட்டுப் போற வைரஸ இப்பதான் பார்க்கறேன்."

என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாளில் முதல் சிரிப்பு. "அது வீட்டுலயே வளர்ற வைரஸ்ங்க. முப்பத்தேழு வருஷ சர்வீஸ்" என்றாள். நானும் அசடு வழியச் சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்வது?

சிடியில் இருந்த நல்ல ஃபைலைப் பழையதன் மேல் போடும்படி டாக்டர் ஒரு வரி தட்டினார். பழசு இருக்கிறதே, அதன் மேலேயே எழுதவா என்று கேட்டது. எழுது என்றார். சிடியை வெளியே எடுத்து அணைத்துப் போட்டார். கம்ப்யூட்டர் உறுமியது, இருமியது, பிறகு பழைய பச்சைப் புல்வெளிப் படத்தோடு எழுந்து வந்தது. அவளுடைய புத்தகம் நூற்று நாற்பது பக்கமும் அப்படியே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை. டாக்டர் அதை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து என் மனைவி கையில் கொடுத்தார். என்னிடம் கொடுக்கவில்லை.

போகும்போது வாசலில் நின்று, "சார், தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே இதுல எதையும் பார்க்காதீங்க" என்றார்.

மறுநாள் வியாழக்கிழமை. மதியம் சாப்பிட்டதும் என் மனைவி படங்களுக்கு எண் போட உட்கார்ந்தாள். "நாளைக்கு அனுப்பணும். ஒரு தடவை எழுத்துப்பிழை மட்டும் பார்த்துக் குடுங்க. ஏற்கனவே படிச்சதுதானே, சீக்கிரம் முடிஞ்சுடும்" என்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. ஆசிரியர்களுக்கு அது எப்படித்தான் வருமோ.

முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். நன்றாகவே எழுதியிருந்தாள். ஐஸ் கட்டியை நூலால் தூக்குவது, பாட்டில் வாயில் பலூன் ஊதுவது, எல்லாம் எங்கள் சமையலறையில் நடந்தவை. 'உடன் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்', 'உடன் ஒருவர் தண்ணீர் ஊற்ற வேண்டும்' என்று வருகிற இடமெல்லாம் அந்த ஒருவர் நான்தான். சட்டை நனைந்து நான் கத்தியதுகூட ஞாபகம் வந்தது. இருபத்திரண்டாவது சோதனை எண்பத்தாறாம் பக்கத்தில் முடிந்தது. அடுத்த சோதனை ஆரம்பிக்கவில்லை. இடையில் தனியாக ஒரு பத்தி இருந்தது.

'இதுவரை படித்து வந்துவிட்டீர்களா? இது புத்தகத்துக்கு இல்லை, உங்களுக்கு. நேரில் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அட்டையில் என் பெயரோடு உங்கள் பெயரையும் போட வேண்டும் என்று ஆசை. முப்பத்தொன்பதிலும் கூட நின்றவர் நீங்கள்தான். சம்மதம் என்றால் வந்து சொல்லுங்கள். இந்த இடத்தை அழித்துவிடுகிறேன்.'

இரண்டு தடவை படித்தேன். பிறகு எழுந்து அவளிடம் போனேன். அவள் ஒரு படத்தின் ஓரத்தில் பென்சிலால் எண் எழுதிக்கொண்டிருந்தாள்.

"எண்பத்தாறாம் பக்கம் வரைக்கும் வந்துட்டேன்" என்றேன்.

பென்சில் நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை. "இப்பதான் வந்தீங்களா?"

"சம்மதம்."

அவள் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். வழுவழுப்பான தாள், மஞ்சள் நிறம், நடுவில் ஒரு கண்ணாடித் தம்ளர் படம். கீழே அவள் பெயர், தனியாக.

"விளம்பரத்துக்குன்னு அட்டைய மட்டும் போன மாசமே அடிச்சுட்டாங்க. இனிமே மாத்த முடியாதாம். அதுக்கு முன்னாடி மூணு தடவை கேட்டாங்க, பேர் முடிவாயிடுச்சான்னு. இன்னும் ரெண்டு நாள் பொறுங்கன்னு சொல்லிட்டே இருந்தேன். தினம் சாயந்தரம் நீங்க கம்ப்யூட்டர் முன்னாடி உக்காரும்போதெல்லாம், இன்னைக்கு எந்திரிச்சு வந்து சொல்லுவீங்கன்னு நினைப்பேன்."

"ஒரு வார்த்தை வாயால கேட்டிருக்கலாமே?"

"முழுசாப் படிங்கன்னு கேட்டேனே."

முப்பத்தேழு வருடமும் எந்தக் கேள்வி வந்தாலும் நழுவத் தெரிந்தவன் நான். அன்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். "நல்லா இருக்கு" என்றேன். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

"அந்தப் பத்திய எடுத்துடுங்க. அப்படியே அச்சுக்குப் போயிடப் போகுது" என்றாள், மறுபடி பென்சிலை எடுத்துக்கொண்டு.

திரும்ப வந்து உட்கார்ந்தேன். அந்த ஏழு வரிகளையும் தேர்வு செய்தேன். மூன்றாவது தடவையாகப் படித்தேன். பிறகு அழிக்கும் பொத்தானை அழுத்தினேன். கீழே இருந்த இருபத்து மூன்றாவது சோதனை மேலே ஏறி இருபத்திரண்டோடு ஒட்டிக்கொண்டது. நடுவில் எதுவும் இருந்ததாகவே தெரியவில்லை.

இன்னும் ஐம்பத்து நாலு பக்கம் மிச்சம் இருந்தது. ஒரு வரி விடாமல், ஒவ்வொரு சோதனை முடிகிற இடத்திலும் நின்று நின்று, அடிக்குறிப்புகளைக்கூட விடாமல் படித்தேன். வேறு எந்தப் பக்கத்திலும் அவள் என்னிடம் எதையும் கேட்டிருக்கவில்லை.