சம்பந்தியிடம் காட்டாத படிவம்

என் மகன் கட்டாரில் இருக்கிறான். அவனுடைய மகள் றிஃப்னா கற்பிட்டியில் என் வீட்டில் வளர்ந்தவள். பதினெட்டு வயது. பாடசாலையில் தொழிற்பாடப் பிரிவில் இயந்திரப் பராமரிப்புப் படித்தாள். கடைசி ஆறு மாதமும் பிள்ளைகள் ஏதாவதொரு தொழிலகத்தில் பயில வேண்டும். அந்த நாட்கள் பதிவானால்தான் சான்றிதழ். அதை வைத்துக் கொழும்பில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்வதென்று அவள் முடிவு செய்திருந்தாள்.

என் மகளைக் கலியாணம் முடித்தது சரீப் ஹாஜியாரின் மகன். ஹாஜியாருக்குப் பாலாவிப் பக்கம் உப்பு ஆலை இருக்கிறது. றிஃப்னா அங்கே பயிலட்டும் என்று நான் ஒரு வார்த்தை சொன்னேன். அவரும் ஒரே வார்த்தையில் ஓம் என்றார்.

மறுநாள் பயிற்சிக்குப் பொறுப்பான ஷிம்லா டீச்சர் மூன்று பக்கப் படிவமொன்றை என் வீட்டுக்குக் கொண்டு வந்தார். நானும் ஹஜ்ஜுக்குப் போய் வந்தவன்; ஊரில் எனக்கும் ஹாஜியார்தான் பெயர்.

"ஹாஜியார், இதுல மில்காரங்க சைன் வெக்கணும். பிள்ளைக்கு ஆரு பழக்குறது, எதத் தொடப்படாது, எல்லாம் இதுலதான் இரிக்கி. இன்சூரன்ஸும் இதாலதான்."

"டீச்சர், அவர் என்ட சம்மந்தி."

"ஓம் ஹாஜியார். ஆனா சட்டம் எல்லாருக்கும்..."

"பொண்ணு குடுத்த எடத்துல கடதாசி நீட்டி சைன் கேக்கச் சொல்றீங்களா?"

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்குப் பதினாறு வருடம் நான்தான் செயலாளர். டீச்சர் படிவத்தை வைத்துவிட்டுப் போனார். நான் படிவத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். முதல் பக்கத்துக்கு அப்பால் புரட்டவில்லை. இரண்டு வாரம் கழித்து அவர் திரும்பக் கேட்டபோது, சம்பந்தியிடம் கொடுத்துவிட்டேன், வரும் என்று சொன்னேன். என் வாயால் சொன்னது போதுமென்று நம்பி அவர் முதல் நாளிலிருந்தே வரவைப் பதிந்தார்.

ஆலையில் நடந்ததைப் பிறகுதான் விசாரித்து அறிந்தேன். முதல் நாளே அவளுக்கு மேல்மாடி அலுவலகக் கந்தோரில் கதிரை போட்டுத் தேநீர் கொடுத்திருக்கிறார்கள். "மொதலாளிட சம்மந்தி ஊட்டுப் புள்ள டீ குடிக்க வந்திரிக்கி" என்று பெடியன்கள் சிரித்திருக்கிறார்கள். அவளுக்கு ரோசம். கீழே இறங்கி, உப்பு அரைக்கும் இயந்திரத்தடியில் போய் நின்றாள். அங்கே மேற்பார்வை இனாஸ். வேறு பிள்ளையென்றால் ஏசித் துரத்தியிருப்பான். முதலாளியின் உறவுக்கு அவன் எப்படிப் புத்தி சொல்வான்? இதைப் பிடி என்றும் சொல்லவில்லை, அதைத் தொடாதே என்றும் சொல்லவில்லை. அவள் பார்த்துப் பார்த்துத் தானாகப் பழகினாள். நாற்பதாம் நாள் இயந்திரத்தின் வாயில் உப்புக் கட்டியொன்று அடைத்தது. மற்றவர்கள் செய்வதைப் போல அவளும் கையால் தட்டினாள். வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

புத்தளம் ஆஸ்பத்திரி வாசலில் சரீப் ஹாஜியார் என்னை ஒரு பக்கமாகக் கூட்டிப் போனார்.

"சம்மந்தி, கடதாசி ஒண்டும் இல்லத்தானே? அப்ப அவ மாமியப் பாக்க என்ட வீட்டுக்கு வந்தா, வந்த எடத்துல மில்லுக்கும் போய் வெளையாட்டாக் கைய வெச்சா எண்டு சொல்லுவம். மில்லுக்குச் சீல் வெச்சா ஒங்கட மகளுக்கும்தானே கேடு."

நான் தலையாட்டினேன். உள்ளே போய்ப் பிள்ளையிடமும் அதையே சொன்னேன். அவள் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள்.

"சரி மூத்தாப்பா" என்றாள். பிறகு, "அந்த மெஷினப் பத்தி எனக்கு ஏன் ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தேன். படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் அச்சடித்திருந்தது: ஓடும் இயந்திரத்தின் வாயில் பயிலுநர் கை வைக்கக் கூடாது. அடைப்பு ஏற்பட்டால் மின்சாரத்தை நிறுத்திய பின் பொறுப்பாளரே அதை நீக்க வேண்டும். நின்றபடியே மூன்று தரம் வாசித்தேன்.

விசாரணை அதிபரின் அறையில் நடந்தது. வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். டீச்சரும், கையில் கட்டோடு றிஃப்னாவும் இருந்தார்கள். சரீப் ஹாஜியார் பேசி வைத்தபடியே சொன்னார். அதிகாரி அவரை ஒன்றும் கேட்கவில்லை. டீச்சரின் பக்கம் திரும்பினார்.

"மாமியப் பாக்கப் போன பிள்ளைக்கு நாப்பது நாள் வரவு போட்டிருக்கிறீங்க. பொய்ப் பதிவு. வேலை போகும், தெரியுமா?"

டீச்சர் அழுதார். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஒரு தரம் என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அந்தப் பார்வைக்குப் பிறகு என்னால் கதிரையில் இருக்க முடியவில்லை. எழுந்து, சட்டைப் பையிலிருந்த படிவத்தை மேசையில் வைத்தேன்.

"டீச்சர் தந்தது. நான்தான் பூட்டி வெச்சன். சம்மந்திட்ட காட்டவே இல்ல. டீச்சர்கிட்ட பொய் சொன்னதும் நான்தான்."

சரீப் ஹாஜியார் தொப்பியைச் சரி செய்துகொண்டு எழுந்தார். "சம்மந்தி, ஒங்கட மகள் என்ட வீட்டுல இரிக்கா. அதையும் யோசிச்சுத்தான் கதைச்சிருப்பீங்க" என்றார். வெளியே அவருடைய வாகனம் புறப்படும் சத்தம் கேட்டது.

அதிகாரி படிவத்தைப் புரட்டினார். "ஒப்பமில்லாத கடதாசி. இன்சூரன்ஸ் கிடையாது. நாற்பது நாளும் கணக்கில் வராது. டீச்சரும் விளக்கம் எழுதித் தர வேணும்."

நான் உண்மையைச் சொன்னதால் ஒருவருக்கும் ஒன்றும் மீளவில்லை. டீச்சரின் வேலையாவது தப்புமா என்பதும் தெரியவில்லை.

றிஃப்னா இடது கையை நீட்டிப் படிவத்தை எடுத்தாள். மெதுவாக வாசித்துக்கொண்டு போனவள் மூன்றாம் பக்கத்தில் நின்றாள். அங்கே அவளுடைய முழுப் பெயர் தட்டச்சில் இருந்தது. அதன் கீழே புள்ளிக் கோடு.

"இது நான் சைன் வெக்கிற எடமா டீச்சர்?"

"ஓம் பிள்ள. வாசிச்சு வெளங்கினன் எண்டு நீங்களும் வெக்கணும்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "எனக்கு வாசிக்கத் தெரியும்தானே மூத்தாப்பா."

 

அதிகாரி அவளுடைய வாக்குமூலத்துக்கு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தார். நான் எழுதித் தருகிறேன் என்று கை நீட்டினேன். அவள் தாளைத் தன் பக்கம் இழுத்து, கட்டுப் போட்ட கையை அதன்மேல் அழுத்தி, இடது கையால் எழுதத் தொடங்கினாள். எழுத்துகள் சரிந்தன. முதல் வரிக்கே வெகுநேரம் எடுத்தது. நான் நின்ற இடத்திலிருந்து அதை வாசிக்க முடிந்தது.

நான் அங்கே விருந்துக்குப் போகவில்லை. வேலை பழகப் போனேன்.