அட்டவணையில் இல்லாத வேலை

டேங்க் ஆபரேட்டர் பெருமாள் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த எட்டாம் நாள், அம்முலு காலிக் குடத்தோடு ஊராட்சி அலுவலகத்துக்கு வந்தாள்.

"இன்னா மேடம், ஒரு வாரமா குழாய்ல காத்துதான் வருது. வூட்ல பொண்ணு பச்ச ஒடம்புக்காரியா கீறா. கொயந்த துணிய எதுல அலசறது? உங்க அட்டவணையிலயா?"

ஊராட்சிச் செயலாளர் இளவரசிக்கு ஒன்றும் புரியவில்லை. சுவரில் தொங்கும் அந்த அட்டவணை, பெருமாளைப் பக்கத்தில் உட்காரவைத்து அவளே கேட்டு எழுதியது. எந்த வால்வு, எத்தனை சுற்று, எத்தனை மணிக்கு என்று எல்லாம் அதில் இருந்தது. பெருமாளின் இடத்துக்குப் புதிதாக வந்த மோகன்குமாரும் அதிலிருந்து இம்மியும் பிசகவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு இளவரசியும் மோகன்குமாரும் குழாய் போகும் வழியே நடந்தார்கள். ஆண்டாளம்மாள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தெருக்குழாய்த் தண்ணீரை அது இழுத்துக்கொண்டிருந்தது.

"புடுங்கிக்கினு போயிடலாம் மேடம். ரூல் கீது," என்றான் மோகன்குமார்.

பேச்சுச் சத்தம் கேட்டு வெளியே வந்த ஆண்டாளம்மாளின் முகம் சுருங்கியது.

"பெருமாளு ஆறரைக்கு டாண்ணு சைக்கிள நிறுத்துவான். 'மாடுங்க குடிச்சிட்சாம்மா? கடைசி வூட்டுக்குக் கொஞ்சம் வுடு'ம்பான். நிறுத்திடுவேன். அவன் போனப்புறம் யாரு வந்து கேட்டீங்க? அங்க வருதா இல்லியான்னு எனக்கு இன்னா தெரியும்?"

"கடைசி வூட்ல, அம்முலு வூட்ல, கைக்கொயந்தம்மா," என்றாள் இளவரசி. "பொறந்து பன்னண்டு நாள்தான் ஆவுது."

கிழவி திரும்பினாள். உள்ளே போனாள். மோட்டார் சத்தம் அடங்கியது.

இளவரசி அங்கேயே நின்றாள். என்னென்ன வேலை என்று கேட்டபோது பெருமாள் இதைச் சொல்லவில்லை. இதை ஒரு வேலை என்றே அந்த மனிதர் நினைத்திருக்க மாட்டார். இப்படி இன்னும் என்னென்ன அவரோடு சுடுகாட்டுக்குப் போயிற்றோ?

கடைசி வீட்டுக் குழாய் இருமிற்று, துப்பிற்று, பிறகு நிதானமாக ஒழுகத் தொடங்கியது. அம்முலு முதல் தண்ணீரைக் கையில் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் குடத்தை வைத்தாள்.

அலுவலகம் திரும்பியதும் அட்டவணையின் அடியில் இளவரசி ஒரு வரி சேர்த்தாள்: 'காலை 6.30 – ஆண்டாளம்மாள் வீட்டில் நின்று விசாரிக்கவும்.'

மோகன்குமார் படித்துப் பார்த்தான். "இன்னா விசாரிக்கறது மேடம்?"

"மாடுங்க தண்ணி குடிச்சிதான்னு."

பிறகு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். குழாய் உள்ள வீடு நூற்றுப் பத்து. பெருமாள் வந்தால் என்ன கேட்பார் என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்க வேண்டியிருந்தது.