அட்டையில் இல்லாத நோவு

"யாரு கேட்டாலும் வயித்து நோவுன்னு சொல்லு புள்ள. குடின்னு மட்டும் வாயத் தொறந்துராத."

"ஏனுங்க, டாக்டருகிட்டயுமா?"

"அவருகிட்டத்தான் மொதல்ல. குடிகாரன்னு எழுதிட்டா குடும்பத்துக்கே அட்டைய அடிச்சுப் போடுவாங்களாமா. அப்பறம் நம்ம சத்யா நெஞ்சுல இருக்கற ஓட்டைய யாரு அடைக்கறது?"

புரட்டாசியில், அரசாங்கக் காப்பீட்டு அட்டைக்குப் படம் பிடிக்கும் வரிசையில் கார்த்தி மனைவி சங்கீதாவின் காதோரம் சொன்னது அது. ஒரே அட்டை, ஒரே படம். அதில் அப்பன், ஆத்தா, பிள்ளை மூவரும். ஒருவர் பேரில் கறை பட்டால் மூவருக்கும் போய்விடும் என்று மலைமேல் தேவனூர் நாட்டு ஊர்களில் பாதிப் பேர் நம்பினார்கள். சங்கீதாவும் நம்பினாள். வாயை இறுக மூடிக்கொண்டாள்.

மிளகுக் கொடிக்கு ஏணி போட்டால் ஏறுவது கார்த்தி, அடியில் பிடித்துக்கொள்வது அவள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். இந்த மார்கழியில்தான் அவன், "நீ ஏறு, நான் புடிச்சுக்கறேன்" என்றான். அவன் பிடித்திருந்தும் ஏணி நடுங்கியது. அவள் குனிந்து பார்த்தாள். எதையோ கேட்க வாயெடுத்தவன், "பாத்துப் பறி" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இப்போது செம்மேட்டு மருத்துவ முகாமில், மேசைக்கு எதிரே இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நாலெட்டு நடந்தாலே மூச்சு வாங்கும் ஆறு வயது சத்யா, அம்மா மடியில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

"பாப்பா ஆபரேசனுக்கு அனுமதி வந்துருச்சுங்கக்கா," என்றாள் காப்பீட்டு வேலை பார்க்கும் அனுராதா. "அண்ணன் இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

வாடை வரக்கூடாதென்று கார்த்தி நேற்றுக் காலையிலிருந்து சாராயத்தைத் தொடவில்லை. பேனாவை வாங்கினான். பேர் எழுதுவதற்குள் அது காகிதத்தில் கோணல்மாணலாய் இழுத்துவிட்டது.

"குளுருதுங்களா?"

"வயித்து நோவுங்க," என்று சங்கீதா முந்திக்கொண்டாள்.

"வயித்து நோவுக்குக் கை நடுங்குமாக்கா?" அனுராதா குரலைத் தணித்தாள். "குடிங்களா?"

சங்கீதா மடியிலிருந்த சத்யாவை இறுக்கிக்கொண்டாள். "அட்டைய அடிச்சுராதீங்க தாயி! கொழந்தைக்கு..."

"அய்யோ, யாருக்கா சொன்னது? அப்பா குடிச்சா அட்டை கோவிச்சுக்குமா? ஆபரேசன் நடக்கும், பயப்படாதீங்க."

சங்கீதா கணவனைப் பார்த்தாள். இத்தனை நாள் இதற்காகவா பயந்து செத்தோம்? உடனே அவளுக்கு ஓர் ஆசையும் வந்தது.

"அப்ப இவருக்கும் இந்த அட்டையிலயே வைத்தியம் பாத்துரலாங்களா?"

அனுராதா பட்டியலைப் புரட்டவேயில்லை. "அது இதுல இல்லீங்கக்கா. நெஞ்சுக்கு உண்டு, கிட்னிக்கு உண்டு. குடிக்கு இல்ல." சங்கீதாவின் முகம் வாடுவதைப் பார்த்து அவசரமாகச் சொன்னாள்: "ஆனா அட்டையே வேண்டாமுங்க. சேலம் பெரியாஸ்பத்திரியில சும்மாவே சேத்துக்குவாங்க. எங்க மாமாவ அங்கதான் சேத்தோம், இருவது நாள் இருந்தாரு. இவராத் திடீர்னு நிறுத்தறது ஆபத்துங்க, மருந்தோட நிறுத்தோணும். ஒண்ணுதான், வேணும்னு அவரு வாயாலயே சொல்லோணும்."

இருபது நாள். மிளகு பழுத்து நிற்கும் நேரம். கார்த்தி நடுங்கும் கையை மேசைக்கடியில் ஒளித்தான். சங்கீதா, எல்லோரும் பார்க்க, அந்தக் கையை மேலே எடுத்துப் பிடித்துக்கொண்டாள். அவன் அதை இழுத்துக்கொள்ளவில்லை.

"ஏணிய யாரு புடிப்பா?" என்றான்.

"எங்கண்ணன வரச் சொல்றேன். ஏறத்தான் நான் பழகிட்டனுங்களே."

கார்த்தி மகளைப் பார்த்தான். பிறகு சங்கீதாவை.

"என்னையச் சேலத்துல சேத்து உடு புள்ள. எனக்கு இத உடோணும். என்னால தனியா முடியல."