விதை மல்லாட்டையும் ஒரு கொலையும்

"இவன் இல்ல" என்றாள் அஞ்சம்மாக்கா. காலையில், மேனேஜர்தான் கொலை செய்தவன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவளும் அவள்தான். இப்போது மேனேஜரை விட்டுவிட்டு நர்ஸைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் நர்ஸையும் விட்டுவிடுவாள் என்று அவள் முகமே சொன்னது. நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இரண்டு வருடத்தில் அவள் இப்படித் தடுமாறி நான் பார்த்ததில்லை. எனக்கு உள்ளுக்குள் குஷியாக இருந்தது. முகத்தில் காட்டாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

முருகையன் அண்ணனின் தகரக் கொட்டகையில், மல்லாட்டை என்று இங்கே சொல்லும் வேர்க்கடலைக் குவியலைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தோம். மார்கழிப் பட்டத்துக்கு விதை. எண்ணெய்க்கு என்றால் மெஷினில் கொட்டி ஒரே மூச்சில் உடைத்துவிடலாம். விதைக்கு அது ஆகாது, பருப்பின் முனை அடிபட்டால் முளைக்காது. அதனால் ஒவ்வொரு காயாகக் கட்டைவிரலால் நசுக்கித்தான் எடுக்க வேண்டும். உடைத்தோம் என்று நான் சொல்வதுகூடக் கொஞ்சம் மரியாதைக்காகத்தான். அவர்கள் உடைப்பார்கள், நான் கதை படிப்பேன்.

கல்யாணமான புதிதில் நானும் உடைக்கத்தான் வந்தேன். அரைநாளில் இரண்டு கட்டைவிரலும் கொப்புளித்துவிட்டன. பி.ஏ. படித்த மருமகள் வேலைக்கு லாயக்கில்லை என்று ஊருக்கே தெரிந்துவிடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இருந்த இருதயமேரி ஒரு புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். "க... கத்... கத்தி" என்பதற்குள் கதையில் ஆள் செத்து ஆறிப்போவான் போலிருந்தது. பொறுக்க முடியாமல் பிடுங்கிப் படித்தேன். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். ஆரோக்கியசெல்வி என்ற என் பெயரை முழுசாகச் சொல்லும் பொறுமை இங்கே யாருக்கும் இல்லாததால் அன்றைக்கே செல்வியும் ஆனேன். என் பங்குக்கு ஒவ்வொருத்தியும் அவ்வப்போது ஒரு கைப்பிடி பருப்பை என் முறத்தில் போடுவாள். சாயங்காலம் படியால் அளக்கும்போது என்னுடையதும் மற்றவர்களுடையதும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். இதை யாரும் பேசி முடிவு செய்யவில்லை. அஞ்சம்மாக்கா முதலில் போட்டாள், மற்றவர்களும் போட்டார்கள்.

புத்தகம் வாங்கி வருவது முருகையன் அண்ணன் பொறுப்பு. திண்டிவனம் மண்டிக்குப் போகிற நாளில் பஸ் ஸ்டாண்டு கடையில் அந்த மாதம் வந்த கிரைம் நாவலை வாங்கி வருவார். கட்டாயம் புதுசாக இருக்க வேண்டும். பழசு என்றால் எவளாவது முடிவை எங்கேயாவது கேட்டுக்கொண்டு வந்துவிடுவாள். இந்த மாதப் புத்தகத்தின் அட்டையில் ஒரு பெண் துப்பாக்கியோடு நின்றாள். ஆறு அத்தியாயம் தாண்டியும் கதையில் துப்பாக்கியும் வரவில்லை, அந்தப் பெண்ணும் வரவில்லை. ஏற்காட்டில் ஒரு பங்களாக்காரர் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட அறையில் செத்துக் கிடக்கிறார். தம்பி, மேனேஜர், நர்ஸ், வக்கீல் என்று நான்கு பேர் மேல் சந்தேகம்.

"தாப்பா உள்ள போட்டிருக்குது. அப்ப கொன்னவன் எப்பிடி வெளிய போனான்?"

"ஓட்டப் பிரிச்சிக்கினு போயிருப்பான்" என்றாள் இருதயமேரி.

"பங்களாவுக்கு ஏதுடி ஓடு?"

இப்படி நான்கு வரிக்கு ஒரு வழக்கு நடக்கும். வழக்கு முடிகிறவரை நான் விரலை வரியில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். நடுவில் ஒருநாள் இருதயமேரி தன் போனில் கதை சொல்கிற சேனல் ஒன்றைப் போட்டாள். நல்ல குரல்தான். ஆனால் இவர்கள் சண்டை போட்டபோது அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போய்விட்டது. அஞ்சம்மாக்காவுக்கு வேறொரு குறையும் இருந்தது. "அந்தப் பொம்பளகிட்ட இருந்து ஒண்ணும் கண்டுபுடிக்க முடியல" என்றாள்.

அதன் அர்த்தம் எனக்கு மட்டும் தெரியும். அஞ்சம்மாக்கா ஒவ்வொரு புத்தகத்திலும் பாதிக் கதையிலேயே கொலைகாரனைச் சொல்லிவிடுவாள், ஒருமுறைகூடத் தப்பியதில்லை. போலீஸில் சேர்ந்திருக்க வேண்டியவள் என்று ஊரே பேசிக்கொண்டது. போன ஆடி மாதம்தான் சூட்சுமத்தைச் சொன்னாள். அவள் கதையைக் கவனிப்பதே இல்லையாம், என்னைத்தான் கவனிப்பாளாம். ஆசை தாங்காமல் நான் முதல்நாளே வீட்டில் முடிவைப் படித்துவிடுவேன். மறுநாள் அந்த ஆள் பெயர் வரும்போதெல்லாம் என் குரல் ஒரு மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடுமாம். "திருட்டுப் பூனை அடுப்பங்கரையத் தாண்டுற மாதிரி" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம்கூட முன்னால் புரட்டவில்லை. அதனால்தான் அவளுக்கு இந்தத் திண்டாட்டம்.

எனக்கும் ஒரு திண்டாட்டம் இருந்தது. போன வாரம், எப்போதோ எழுதிய பரீட்சைக்குப் பலன் வந்து, விழுப்புரத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். வீட்டில் என் புருஷன் பிரான்சிஸைத் தவிர யாருக்கும் தெரியாது. அவரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். வேலை கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்ததும் வாய் அடைத்துக்கொண்டது. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஊரில் என்னை இழுத்து நடுவில் உட்கார வைத்தவர்கள் இவர்கள். போகிறேன் என்று சொன்ன நிமிடத்திலிருந்து 'ஆபீஸ் போற பொண்ணு' என்று தள்ளி உட்கார வைத்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. கதை முடியட்டும், சொல்லலாம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே மெதுவாகப் படித்தேன்.

சனிக்கிழமை மதியம் குவியல் முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது. புத்தகத்தில் இரண்டு அத்தியாயம் பாக்கி. முருகையன் அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

"ஜல்தியா முடிங்கம்மா. நாளான்னிக்கி ஏர் பூட்டணும்."

"கதை முடிஞ்சா இதுவும் முடியும். இவகிட்ட சொல்லு" என்று அஞ்சம்மாக்கா என்னைக் காட்டினாள். பிறகு காலை நீட்டி உட்கார்ந்து என்னையே பார்த்தாள். "ஏண்டி, எப்பவும் முடிவு வர வர குதிரை மாதிரி ஓட்டுவ. இந்தத் தபா ஒரு வரிய ரெண்டு வாட்டி படிக்கிற. தண்ணி தாகம்ன்ற. கண்ணு எரியுதுன்ற. கொலகாரன் யாருன்னு சத்தியமா உனக்குத் தெரியாது, அது எனக்குப் புரிஞ்சிபோச்சி. ஆனா நீ இன்னாத்தையோ மறைக்கிற. இன்னா அது?"

எல்லாக் கையும் நின்றுவிட்டது. பொய் சொல்லலாம்தான். அந்தக் காதுக்கு முன்னால் சொல்லி என்ன பிரயோஜனம்?

"எனக்கு வேலை கெடச்சிருக்குதுக்கா. விழுப்புரத்துல. திங்கக்கிழம சேரணும்."

இருதயமேரிதான் முதலில் கத்தினாள். "மாதாவே! கவர்மெண்ட்டா?" என்று எழுந்து வந்து, மண் கையாலேயே என் கன்னத்தைப் பிடித்து இழுத்தாள். முருகையன் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பாத்தியா, நம்ம கொட்டாய்ல இருந்து ஒரு ஆபீசரு" என்று சிரித்தார். நான் அஞ்சம்மாக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சிரிக்கவில்லை. கையில் இருந்த காயை நசுக்கி, பருப்பை ஊதி, தன் முறத்தில் போட்டாள்.

"எப்பத் தெரியும்?"

"போன வாரம்."

"ஒரு வாரமா எங்க மல்லாட்டையத் தின்னுக்கினு, கொலகாரி மாதிரி மூஞ்சிய வெச்சிக்கினு உக்காந்திருக்க."

"நீங்க இன்னா நெனப்பீங்களோன்னு..."

"இன்னா நெனப்போம்? நல்லா இருன்னு நெனப்போம். வேற இன்னா நெனப்போம்?" அவள் குரல் சற்று உடைந்தது. அதை மறைக்க அதட்டினாள். "படி. ஏற்காட்டுல பொணம் நாறிக்கினு கெடக்குது."

படித்தேன். இந்த முறை மெதுவாகப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. மனசு இறக்கை கட்டிக்கொண்டது போல வரிகள் ஓடின. இன்ஸ்பெக்டர் நான்கு பேரையும் பங்களா ஹாலில் உட்கார வைத்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போய் வந்தது. கொட்டகையில் இருமக்கூட ஆள் இல்லை. 'கொலையாளி இந்த அறையில்தான் இருக்கிறார். அவர் பெயர்...' என்றதோடு அத்தியாயம் முடிந்தது. எச்சிலைத் தொட்டுப் பக்கத்தைத் திருப்பப் போனேன். புத்தகத்தின் மேல் அஞ்சம்மாக்காவின் கை வந்து விழுந்தது.

"போதும். மூடு."

"அக்கா! இன்னாக்கா பேஜாரு பண்ற" என்று இருதயமேரி அழாத குறையாகக் கேட்டாள். "எனக்குத் தூக்கமே வராது."

"வராம கெட. அடுத்த ஞாயித்துக்கிழம இவ வந்து படிப்பா."

"ஞாயித்துக்கிழம மல்லாட்டை ஏது? அதுக்குள்ள வெதச்சிடுவனே" என்றார் முருகையன் அண்ணன்.

"மல்லாட்டை இல்லன்னா இன்னா? காது இருக்குதில்ல?"

இனிப் படிக்க ஒன்றும் இல்லை. மிச்சக் குவியலை நானும் சேர்ந்து உடைத்தேன். கொப்புளம் வரும் என்று தெரிந்தே உடைத்தேன். இருட்டுவதற்குள் படியால் அளந்தபோது என் முறம் மற்ற எல்லாருடையதையும் விட அதிகமாக இருந்தது. யார் எத்தனை கைப்பிடி போட்டார்கள் என்று நான் பார்க்கவே இல்லை.

புத்தகத்தை அஞ்சம்மாக்காவிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "நான் வெச்சிக்கினு இன்னா பண்றது, எனக்குப் படிக்கவா தெரியும்? நீயே எடுத்துக்கினு போ." தரையில் சிதறிக் கிடந்ததில் ரெட்டைப் பருப்பு உள்ள ஒரு காயை எடுத்து, நிறுத்திய பக்கத்தில் வைத்து மூடினாள். புத்தகம் மூட மாட்டேன் என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றது. "பஸ்ல போவும்போது தொறந்துடாத. தொறந்தியானா ஞாயித்துக்கிழம முத வரியிலயே எனக்குத் தெரிஞ்சிடும்."

திங்கட்கிழமை திண்டிவனத்தில் ஏறிய பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கூட்டேரிப்பட்டு தாண்டும்வரை அலுவலகத்தில் யாரிடம் போய் நிற்பது, எப்படி வணக்கம் சொல்வது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். டிபன் பாக்ஸைச் சரிசெய்வதற்காகப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா அட்டையில் இருந்த துப்பாக்கிக்காரியை உற்றுப் பார்த்தார். காலேஜில் வேலை செய்கிறவர் போல, கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது.

"இந்த மாசம் வந்ததுதானே? நான் இன்னும் வாங்கல. நல்லா இருக்குதா?"

"நல்லா இருக்குதுங்க."

"யாரு கொன்னது? சும்மா சொல்லுங்க, நான் முடிவு தெரிஞ்சிக்கினுதான் படிப்பேன்."

"ஞாயித்துக்கிழமதாங்க தெரியும்" என்றேன்.

அவர் விழித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் மெதுவாக ஊர்ந்தது. வெயில் நேராக மடியில் விழுந்தது. பிளந்து நின்ற பக்கங்களுக்கு நடுவே, பார்க்காமல், விரலை மட்டும் விட்டுத் தடவினேன். காய் உடையாமல் இருந்தது.