ஸ்பிரிங் ஆற ஒரு நிமிடம்

எங்கள் ஆற்றுப்பாலம் ஒல்லியானது. அதன் மேல் ஒரு பஸ் போனால், எதிரே வரும் சைக்கிள்காரர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். இழுத்தும் அடங்காதவர்கள் படகில்தான் போவார்கள். இரண்டு பஸ்கள் ஒரே சமயத்தில் ஏறுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஒரு பஸ் பாலத்தின் இந்த முனையில் ஓரங்கட்டி நிற்கும். அக்கரையிலிருந்து வரும் பஸ் இறங்கி, நிற்கிற பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஜன்னலோடு ஜன்னலாக வந்து நிற்கும். அதன் டிரைவர், “வழி காலி” என்று சொல்லிவிட்டுப் போவார். கை காட்டினால் செல்லாது. வாயால் சொல்ல வேண்டும்.

ஒரு பஸ்ஸை என் மகள் ஓட்டினாள். இன்னொன்றை ஓட்டியவனுக்குப் புருவம் கொஞ்சம் அடர்த்தி. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

கொஞ்ச நாளில் “வழி காலி” என்பது, “வழி காலி, சாப்பிட்டியா” என்று நீண்டது. அதற்கடுத்த மாதம், சாப்பிட்டதற்கு என்ன தொட்டுக்கொண்டாள் என்பது வரை போயிற்று. அங்கிருந்து கல்யாணம் எவ்வளவு தூரம். அவன் கேட்டதும் அந்த முனையில்தான், அவள் சரி என்றதும் அந்த முனையில்தான். இரண்டு பஸ் நிறைய ஆட்களுக்குத் தெரிந்த சேதி, பெண்ணைப் பெற்ற எனக்குக் கடைசியில்தான் வந்து சேர்ந்தது. மகளின் பஸ்ஸில் தினம் போகிற பல் டாக்டரம்மா, என் கடைவாய்ப் பல்லைப் பார்க்கிற சாக்கில் வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு, “பையன் நல்ல பையன். மறுப்பு ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டார். மறுப்புச் சொல்லும் நிலையில் நான் இல்லை. இப்படியாக எங்களுக்கு வீட்டோடு மாப்பிள்ளை வந்தார்.

கல்யாணத்துக்குப் பிறகும் அவர்கள் குடித்தனம் நடந்தது என்னவோ பாலத்தின் முனையில்தான். வீட்டில் சாப்பிடவும் தூங்கவும்தான் நேரம் இருந்தது. அதிலும் என் எதிரே மகள் அவரை “நீங்க” என்பாள். ஜன்னலில் “நீ” என்பாள். “நீங்க” போட்டுக்கொண்டு ஒரு மனுஷி எப்படி மனம் விட்டுச் சண்டை போட முடியும்? அதனால் சண்டையையும் பாலத்துக்கே கொண்டுபோய்விட்டார்கள்.

ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் மகள் ஜன்னலைத் திறந்து, “ராத்திரி நீ குறட்டை விட்ட” என்றாள்.

“நானா? வழி காலி” என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை போனார்.

அடுத்த நடையில், “உங்கப்பாவா இருக்கும்” என்றார்.

“எங்கப்பா குறட்டை விட்டா எங்களுக்குத் தெரியாதா? அது வேற ராகம்.”

இந்த வழக்கு மழைக்காலம் முழுக்க நடந்தது. ஆட்கள் கட்சி பிரிந்தார்கள். அக்கரையில் வேலையே இல்லாத ஒரு மளிகைக்கடைக்காரர், கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மாதப் பாஸ் எடுத்தார். டாக்டரம்மா பதில் என்ன வந்தது என்ற யோசனையிலேயே ஒருவருக்கு நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டார். பிடுங்கப்பட்டவரும் அதே பஸ்தான், அதனால் கோபித்துக்கொள்ளவில்லை. ஜன்னல் பேச்சு கேட்க வேண்டுமானால் டிரைவர் இருக்கும் வலது பக்கம் உட்கார வேண்டும் அல்லவா? இரண்டு பஸ்ஸிலும் வலது பக்கத்தில் ஆள் மேல் ஆள். இடது பக்கத்தில் ஈ கூட இல்லை. பாலத்தின் முனையில் இரண்டும் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து ரகசியம் பேசுவதுபோல் நிற்கும். டிப்போவில் ஸ்பிரிங் பார்க்கிற மெக்கானிக் நான். வலது பக்கத்து ஸ்பிரிங் பட்டைகள் அப்பளமாகிப்போன இரண்டு பஸ்களை என்னிடம் கொண்டுவந்து காரணம் கேட்டார்கள். வானிலை என்று சொன்னேன்.

அப்போதுதான் புதிய கால அட்டவணையை அறிவித்தார்கள். அடுத்த மாதம் அமலுக்கு வருமாம்.

தலைமை அலுவலகத்தில் யாரோ கணக்குப் போட்டுப் பார்த்ததில், பஸ்கள் நிற்கிற நேரமெல்லாம் வீண் என்று தெரிந்திருக்கிறது. கடைசி நிறுத்தத்தில் டிரைவர் டீ குடிக்கிற நேரத்தை வெட்டினார்கள். விடியற்காலை வண்டிகளில் பலவற்றை வெட்டினார்கள். பாலத்து வழியில் இனி ஒரே பஸ். அது எதற்காகவும் நிற்க வேண்டியதில்லை. அதை மாப்பிள்ளை கடைசி நடை வரை ஓட்டுவார். மகளுக்கு நகரத்தின் மறுகோடியில் முதல் வண்டி. அவர் வந்து படுக்கும்போது அவள் எழுந்து பல் தேய்க்க வேண்டும். ஆக, குடித்தனத்தையும் வெட்டிவிட்டார்கள். அது மட்டும் அட்டவணையில் அச்சாகவில்லை.

டிரைவர்கள் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். அதற்கு முதல் நாள், கடைசி நடையில், மாப்பிள்ளை ஜன்னலில் சாய்ந்து, “இந்த அட்டவணை வந்துச்சுன்னா, நான்…” என்று ஆரம்பித்தார். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனில் கை வைத்தவன் எடுக்கவேயில்லை. “வழி காலி” என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை கிளம்பிவிட்டார். “நான்” என்பதோடு வாக்கியம் பாலத்திலேயே நின்றுவிட்டது. மறுநாள் பஸ்ஸே ஓடவில்லை.

முதல் முறையாகப் புருஷனும் பெண்டாட்டியும் பகல் பொழுதில் வீட்டில் இருந்தார்கள். பகலில் வீட்டில் என்ன செய்வது என்று இருவருக்குமே தெரியவில்லை. எங்கள் வீட்டுக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு குறுகல் நடை உண்டு. மாப்பிள்ளை தண்ணீர் குடிக்க வந்தால் மகள் இந்த முனையில் ஓரங்கட்டி நிற்பாள். அவர் அவளைக் கடக்கும்போது ஒரு நொடி நின்று, “வழி காலி” என்பார். பிறகு போய்விடுவார்.

“என்னங்க, அன்னைக்கு என்னவோ சொல்ல வந்தீங்களே” என்று மகள் சாப்பாடு போடும்போது கேட்டாள்.

“அதுவா? ஒண்ணுமில்ல.”

“அட்டவணை வந்தா நீங்க என்ன பண்ணப்போறீங்க?”

“சோறு போதும்” என்றார்.

மகள் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். அன்று சாயங்காலம் என்னிடம் வந்து, “அப்பா, இவர் வேற ஊருக்கு மாத்தல் கேட்டிருப்பாரோ?” என்றாள். குரலில் என் பழைய மகளைக் காணோம். குறட்டை என்று சொன்னதை மனதில் வைத்துக்கொண்டிருப்பாரோ என்றும் கேட்டாள்.

நான் மாப்பிள்ளையைத் தனியாகப் பிடித்தேன். “என்ன மாப்பிள, அந்த ‘நான்’னுக்கு அப்புறம் என்ன?”

“வீட்ல வர மாட்டேங்குது மாமா. இன்ஜின் ஓடணும், ஜன்னல் இருக்கணும், அவ கிளம்பற மாதிரி இருக்கணும். அப்பதான் வாய் வருது. இங்க அவ கரண்டியோட நேரா நின்னு பாக்கறா. எல்லாம் மறந்துபோகுது.”

சங்கத் தலைவரை நாங்கள் ஒலிபெருக்கி என்போம். அவர் ரகசியம் பேசினால் டிப்போ கூரையிலிருக்கும் புறாக்கள் வேறு பேட்டைக்குக் குடிபோய்விடும். கோரிக்கைகளில் பாலத்து இரண்டாவது பஸ்ஸையும் சேர்க்கிறேன் என்று அவர் முன்வந்தார். மகள் கூடாது என்றுவிட்டாள்.

“என் வீட்டு விஷயத்த நீங்க கத்தி, ஊரெல்லாம் கேக்கணுமாண்ணே?”

“நான் எங்கம்மா கத்தறேன்?” என்றார் ஒலிபெருக்கி. எதிர்க்கட்டடத்தில் ஒரு ஜன்னல் சாத்திக்கொண்டது.

அதனால் கோரிக்கைகளில் விடியற்காலை வண்டி இருந்தது, டீ இருந்தது, பாலம் இல்லை. பேச்சுவார்த்தைக்கு நாள் குறித்தார்கள். அன்று கையெழுத்தாகிவிட்டால் மகளுக்கு மறுகோடிதான். வாக்கியமும் அரைகுறையாகவே போய்விடும்.

அன்று காலை நான் ஒலிபெருக்கியிடம் போனேன். “வண்டிங்க ரொம்ப நாளா நிக்குது தலைவரே. பாட்டரி செத்துடும். இன்ஜினை மட்டும் கொஞ்ச நேரம் ஓட விடணும். டிரைவர் ஏறி உக்காரட்டும். நகர்த்த வேண்டாம்.”

“எந்த வண்டி?”

“ரெண்டே ரெண்டு.”

அவர் என்னைப் பார்த்தார். “பாட்டரியா?”

“பாட்டரிதான்.”

அந்த இரண்டு பஸ்ஸும், கடவுள் புண்ணியத்தில், எதிரெதிர்த் திசையில் ஜன்னலோடு ஜன்னலாக நின்றுகொண்டிருந்தன. கடவுள் தனியாகச் செய்யவில்லை; ஒரு கயிறும் நாலு கிளீனர்களும் உடன் இருந்தார்கள். மகள் ஏறினாள். மாப்பிள்ளை ஏறினார். இன்ஜின்கள் உறுமின. வாசலில் கூடியிருந்த டிரைவர்கள் கோஷத்தைப் பாதியில் விட்டார்கள். டாக்டரம்மாவும் மளிகைக்கடைக்காரரும் எப்படி உள்ளே வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் வரச் சொன்னது வெளியேதான்.

மகள் கண்ணாடியைத் தள்ளினாள். “அட்டவணை வந்தா, நீ?”

மாப்பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். “அட்டவணை வந்தா, நான் இந்த வேலைய விட்டுட்டு, தினம் உன் வண்டில டிக்கெட் வாங்கிட்டு ஏறிடுவேன். உனக்குப் பின்னாடி சீட்டு. நீ ஓட்டு. நான் பேசாம வர்றேன்.”

மகள் நேரே ரோட்டைப் பார்த்தாள். அங்கே ரோடு இல்லை, டிப்போ சுவர்தான் இருந்தது. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “டிரைவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு” என்றாள்.

“அதான் பேசாம வர்றேன்னேன்ல.”

“தூங்கக் கூடாது. குறட்டை சத்தம் வந்தா, நடுவழியில இறக்கி விட்டுருவேன்.”

கூட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஒலிபெருக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாட்டரி ஏறிடுச்சா?” என்று என் காதில் கேட்டார். அந்தக் காது இன்றும் சரியாகக் கேட்பதில்லை.

என் பக்கத்திலிருந்து இன்னொரு குரல், “இது எந்த வழித்தடம்?” என்று கேட்டது. பேச்சுவார்த்தைக்கு வந்த அட்டவணை அதிகாரி. கையில் பை, நெற்றியில் வியர்வை, எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

“பாலத்து வழி சார்.”

“அங்க ரெண்டாவது வண்டிய நான்தான் வெட்டினேன்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “திரும்ப விடணும்னா மேலிடத்துக்கு ஒரு காரணம் எழுதணும். இத எழுத முடியாது.” ஜன்னல்களைக் காட்டினார்.

“ஸ்பிரிங்னு எழுதுங்க சார். ஒரே வண்டி நாள் பூரா பாலம் ஏறி இறங்கினா பட்டை தாங்காது. ரெண்டு வண்டி மாறி மாறி ஓடணும். எதிர்ல வர்றப்ப, ஒரு நிமிஷம் நின்னு ஸ்பிரிங் ஆறணும்.”

அவர் கால்சட்டை மண்ணாவதைப் பொருட்படுத்தாமல் குனிந்து, இரண்டு பஸ்ஸின் அடியிலும் பார்த்தார். “வலது பக்கம் மட்டும் படுத்திருக்கு?”

“பாலத்துல காத்து சார். அந்தப் பக்கமாத்தான் அடிக்கும்.”

“ஒரு வண்டி போகுது, ஒரு வண்டி வருது. ரெண்டுக்கும் எப்படி வலது பக்கம்?”

நான் யோசித்தேன். யோசிப்பதற்கு மெக்கானிக்குக்கு உரிமை உண்டு. “காத்தும் போயிட்டு வரும் சார்.”

அதிகாரி பேனாவை எடுத்து, “காற்று” என்று ஒரு சொல்லை எழுதிக்கொண்டார். உள்ளே போகும்போது மட்டும் திரும்பி, “நிஜமாவே குறட்டை விடறாரா?” என்று கேட்டார்.

“அத நான் சொல்லக் கூடாது சார். வழக்கு நடக்குது.”

வேலைநிறுத்தத்தில் எல்லாம் கிடைத்துவிடவில்லை. விடியற்காலை வண்டிகளில் பாதிதான் திரும்பின. டீ நேரம் வந்தது. ஆனால், சூடாகக் குடிக்கிற அளவுக்கு வரவில்லை. பாலத்துக்கு இரண்டாவது பஸ் வந்தது. அதை மகளே ஓட்டினாள். அட்டவணையில் பாலத்து முனைக்கு நேராக, “ஸ்பிரிங் ஆற ஒரு நிமிடம்” என்று அச்சடித்திருந்தார்கள்.

முதல் நாள் நான் மகளின் பஸ்ஸில் போனேன். வேலை விஷயமாகத்தான். வலது பக்கம் இடமில்லை, நின்றுகொண்டேன். மாப்பிள்ளையின் பஸ் பாலத்தை விட்டு இறங்கி வந்து, பக்கத்தில் நின்றது. மனிதர் நன்றாகச் சவரம் செய்திருந்தார்.

“யோசிச்சுப் பாத்தேன். நீ சொன்னது சரிதான். நான் குறட்டை விடறேன் போல” என்றார்.

இரண்டு பஸ்ஸிலும் மூச்சு நின்றது. மளிகைக்கடைக்காரர் தன் மாதப் பாஸை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

மகள் கியரில் கை வைத்தபடி அவரை முறைத்தாள். “உன்ன யாரு ஒத்துக்கச் சொன்னா? நாளைக்கு நான் என்னத்த பேசறது?”

மாப்பிள்ளை புருவத்தைச் சொறிந்தார். “அப்ப, நான் விடல.”

“விட்ட.”

“நானா? வழி காலி” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

காலுக்கடியில் வலது பக்கத்து ஸ்பிரிங் ஒரு முனகல் முனகிப் படுத்துக்கொண்டது. இறங்கியதும் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவசரமில்லை, பாலத்தில் காற்று நன்றாக இருந்தது.