சந்தனம் அடைத்த குரல்

துணிக்கொடியில் ஈரப் பலகைகளை மாட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கைகள், பழைய கணினிகளின் வயிற்றிலிருந்து எடுத்த பச்சை மின்சுற்றுப் பலகைகள், சோப்புத் தண்ணீரில் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவியவை, ஓரங்களில் நீர் சொட்டுகிறது, வெயிலில் வெள்ளிக் கோடுகள் மினுங்குகின்றன, அந்தக் கைகளுக்கு மேலே முகம் இருப்பதில்லை, கனவில் அப்படித்தான், விழித்துக்கொண்டு யோசித்தால் அம்பத்தூர்க் கொட்டகையில் நான் முதன்முதலாகப் பார்த்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும், தொண்டைப் புற்றுக்காக என் குரல்வளையை எடுத்துவிட்டார்கள், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறேன், கையில் ஒரு தாள், எழுதியதை வாசித்துக்காட்டும் கணினி வேண்டும், புதிது வாங்க வசதியில்லை, என் மனைவிக்குக் கண் தெரியாது.

தேவகுமாரி அதை இரண்டு தடவை வாசிக்கிறாள், அந்தக் கொட்டகையில் வேலை செய்யும் பெண்களுக்கு அவள்தான் தலைவி, குப்பைக்கு வரும் கணினிகளைப் பிரித்து, உயிருள்ளதைத் தனியே எடுத்து, செத்ததை உருக்க அனுப்புகிறவர்கள், தாளை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு அவள் கேட்கிறாள், அப்ப வூட்ல ரெண்டு பேரும் எப்படி சார் சண்ட போடுவீங்க.

சண்டை போடாத வீடாகத்தான் இருந்தது அது. பூரணி ஒரு வங்கியில் தொலைபேசி ஆபரேட்டர், அவளை முதலில் குரலாகத்தான் அறிந்தேன், அவளுக்கு நான் என்றுமே குரல்தான், இருபது வருடம் அப்படி வாழ்ந்துவிட்டு ஒரு நாள் நான் இல்லாமல் போனேன், அதே வீட்டில், அதே நாற்காலியில், அவள் சுவரைத் தடவிக்கொண்டு வந்து ஏங்க, இங்கதான் இருக்கீங்களா என்று காற்றைக் கேட்பாள், உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டுவேன், வாக்கியம் முடிவதற்குள் முதல் சொல்லை மறந்துவிடுவாள், பிறகு எழுதுவதும் குறைந்தது.

மூன்று பழைய மடிக்கணினிகளிலிருந்து ஒன்றைச் செய்து கொடுத்தார்கள், மூடி ஒரு நிறம், உடம்பு ஒரு நிறம், ஆனால் தமிழில் பேசியது, பெண் குரலில், பூரணி, காபி சாப்பிட்டாயா என்று அது கேட்டதும் அவள் நின்ற இடத்திலேயே சிரித்தாள், எவளோ ஒருத்திய வூட்டுக்குள்ள கூட்டியாந்துட்டீங்களே என்றாள், அன்றிரவு நாங்கள் சண்டை போட்டோம், எதற்கென்று நினைவில்லை, எவ்வளவு நன்றாக இருந்தது.

பிறகு பூரணியின் வயிற்றில் கட்டி என்று சொன்ன டாக்டர், விஜயதசமி நல்ல நாள், அன்னிக்கே பண்ணிடுவோம் என்று அவரே தேதி குறித்தார், பூரணி வீட்டுக்கு வந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள், உள்ள தள்ளிக்கிட்டுப் போற வரைக்கும் நீங்க பேசிக்கிட்டே இருக்கணும், இல்லன்னா நான் போகமாட்டேன். விளையாட்டாகச் சொல்லவில்லை, முன்பு ஒரு தடவை இப்படித்தான் ஸ்கேன் அறையிலிருந்து எழுந்து வந்துவிட்டாள்.

அதனால்தான் முந்தின நாள் காலையில், கணினி சூடாகிறதே, நடுவில் நின்றுவிடக் கூடாதே என்று பயந்து, உள்ளே இருக்கும் விசிறியைத் துடைத்துத் தரச்சொல்லிக் கொட்டகையில் கொடுத்தேன், அன்று ஆயுத பூஜை, மதியம் போனால் கொட்டகை முழுக்க மாவிலை, நடுவில் கணினிகளை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள், முன்னால் ஸ்க்ரூ டிரைவர்கள், குறடுகள், பொரி, சுண்டல், எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம், வரிசையின் கடைசியில் என்னுடையது, அதன் நெற்றியிலும் மூன்று விரல் சந்தனம் தாராளமாக, நெற்றி என்று அங்கே வேலை செய்யும் கஸ்தூரி நினைத்த முன்விளிம்பில்தான் ஸ்பீக்கரின் சின்னஞ்சிறு துளைகள் இருந்தன.

திறந்து தட்டச்சு செய்தேன். உள்ளே கொசு முனகுவது போல ஒன்று, பிறகு அதுவும் இல்லை. கஸ்தூரி வாயில் கை வைத்துக்கொண்டாள், உங்களுதும் நல்லா இருக்கட்டும்னுதான் சார் கைநிறைய வெச்சேன், கொஞ்சம் தண்ணியா வேற கரைச்சிட்டேன். இன்று மாலை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும் என்று திரையில் எழுதிக் காட்டினேன், பூரணி சொன்னதையும் எழுதினேன், அவர்கள் கூடி நின்று வாசித்தார்கள்.

வேற ஸ்பீக்கர் இருக்கு, மூணாவதா வெச்சிருக்கற மிஷின்ல, ஆனா பூஜைல வெச்சத மறுபூஜை போடாம தொடக்கூடாதேக்கா என்றாள் கஸ்தூரி, கற்பூரம் அணைந்து புகைந்துகொண்டிருந்தது, தேவகுமாரி வரிசையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள், ஏண்டி, சாமிக்கு வெச்ச சுண்டல என்னா பண்ணுவ. திம்பேன். அப்ப இதுவும் பிரசாதம்தான், எடு. எதால எடுக்கறது, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் சாமி முன்னால இருக்குதே. தேவகுமாரி தன் பையைக் கவிழ்த்துத் தேடி நகவெட்டியை எடுத்தாள், இது என்னா ஆயுதமா, எந்த சாமி இத்த கைல வெச்சிருக்கு, என்று அதன் அரத்தை விரித்து, நுனியைத் திருகாணியில் வைத்துத் திருப்பினாள், வழுக்கியது, கட்டைவிரலில் ரத்தம் கசிந்தது, முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி திருப்பினாள், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், நன்றி என்ற சொல்லைத் தட்டச்சு செய்து வைத்திருந்தேன், அதைச் சொல்ல ஸ்பீக்கர் இல்லை, மாற்றிப் பொருத்தியதும் கொட்டகையில் அதுதான் முதலில் கேட்டது, கரகரவென்று, நன்றி, ஒரு வாய் பொரியோடு அனுப்பினார்கள்.

ஆபரேஷன் தியேட்டர் வாசல், சக்கரப் படுக்கை, கணினியை அவள் தலைமாட்டில் பிடித்திருக்கிறேன், இடது கையால் பிடித்து வலது கையால் தட்டுகிறேன், நான் இங்கேதான் இருக்கிறேன் பூரணி என்கிறது அது, அவள் காதைச் சாய்க்கிறாள், என்னங்க இது, உங்க பொம்பளைக்குச் சளி புடிச்சிருக்கா. ஆமாம், நீ வெளியே வந்து கஷாயம் போட்டுக் கொடு. எனக்கு வேற வேல இல்ல பாரு என்று சிரித்துக்கொண்டே போகிறாள், கதவு மூடிக்கொள்கிறது, அவள் சிரிப்பின் வால் மட்டும் வெளியே.

கெட்ட கட்டி இல்லை என்றார்கள். நடக்கத் தொடங்கியதும் அவள் போகச்சொன்ன முதல் இடம் அம்பத்தூர், நகவெட்டிக் காயத்தை அவளிடம் சொல்லியிருந்தேன், அங்கே தேவகுமாரியின் கட்டைவிரலைத் தேடிப் பிடித்துத் தடவிப் பார்த்தாள், ஆறிடுச்சிக்கா, இத்தப் போய் என்று அவள் கூச்சப்பட்டாள், பக்கத்தில் வாளியிலிருந்து ஒரு பலகையை எடுத்துக் கஸ்தூரி உதறிய சத்தம் கேட்டு, குடுங்க, நான் மாட்டறேன் என்றாள் பூரணி, கொடியைத் துழாவிக் கண்டுபிடித்தாள், கிளிப்பை அழுத்தினாள், நீர் அவள் முழங்கை வழியாக ஓடியது, தலகீழா மாட்டிட்டியேக்கா என்றாள் கஸ்தூரி, காயறதுக்குத் தல என்னா காலு என்னா என்றபடி பூரணி அடுத்ததற்குக் கை நீட்டினாள், வெயில் அவள் விரல்களில் இருந்தது, மணிக்கட்டில் இருந்தது, நிமிர்ந்து பார்த்தேன், முகத்திலும் இருந்தது.