பருத்தி இலைப் படங்கள்

புஞ்சைகளுக்குப் போகாதே என்று எழிலிடம் யாரும் சொல்லவில்லை. 2007 கடைசியில் அவள் வேலை பார்த்த வேளாண்மை அலுவலகத்தில் எல்லோருக்கும் செல்போன் கொடுத்தார்கள். அவள் எண் கைமாறிக் கைமாறி ஊர்களெல்லாம் போய்ச் சேர்ந்தது. அதன்பின் கேள்விகள் மேசைக்கே வந்தன. பூச்சி என்ன நிறம், இலையின் மேலா அடியிலா என்று கேட்டு மருந்தைச் சொன்னாள். ஒரு நாளைக்கு முப்பது அழைப்புகள். மீதி நேரம் கம்ப்யூட்டரில் அறிக்கை. வேலை சுலபமாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் சொன்னாள்.

வியாழக்கிழமைகளில் மட்டும் மனம் அலுவலகத்தில் நிற்காது. முன்பெல்லாம் அது எம். புதுப்பட்டி போகும் நாள். அங்கே சங்கிலிமுத்துவுக்கு இரண்டு ஏக்கர் பருத்தி இருந்தது. செடி செடியாக அவள் இலையைத் திருப்பிப் பூச்சிகளை எண்ணுவாள். அவன் பின்னாலேயே வந்து நோட்டில் குறிப்பான். ஒருமுறை திடீர் மழையில் இருவரும் வேப்பமரத்தடியில் ஒரு மணி நேரம் நின்றார்கள். மனைவி இறந்து நான்கு வருடமானதை அன்றுதான் சொன்னான். அவளுக்கு முப்பத்து நான்கு வயது, கல்யாணமாகவில்லை என்பது அவனுக்குத் தெரியும். மற்ற விவசாயிகளை எல்லாம் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவள், அவனை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

இப்போது அவனிடமிருந்து படங்கள் வந்தன. சிவகாசியில் பழைய கேமரா போன் ஒன்று வாங்கியிருந்தான். வாரம் இரண்டு படம்: பருத்தி இலை, காய், தண்டில் மாவு பூசியதுபோல் வெள்ளைப்பூச்சி. சிலவற்றில் இலையைப் பிடித்த விரல் தெரியும். அவள் பார்த்துவிட்டுப் போன் செய்வாள்.

"மீன் எண்ணெய் சோப்பு கலந்து அடிங்க. தண்டு நல்லா நனையணும்."

"சரி மேடம். நீங்க சாப்பிட்டீகளா?"

அவ்வளவுதான். அந்தப் படங்களை அவள் அழிப்பதில்லை. போனில் இடமில்லை என்று வந்தால் வேறு எதையாவது அழிப்பாள்.

2009 தை மாதம் அலுவலகத்துக்கு ஜி.பி.எஸ். கருவிகள் வந்தன. ஒவ்வொரு புஞ்சையின் மூலையிலும் நின்று இடத்தையும் பயிரையும் பதிய வேண்டும். எம். புதுப்பட்டியை எழில் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். சொல்லாமல் போய் நிற்க வேண்டும் என்று நினைத்தாள். அன்று இஸ்திரி போட்ட சேலை கட்டினாள்.

சங்கிலிமுத்துவின் புஞ்சையில் பருத்தி இல்லை. வேலிக்கருவை முளைத்து இடுப்பளவு நின்றது. இடம் மாறி வந்துவிட்டோமோ என்று கருவியைப் பார்த்தாள். இடம் சரிதான்.

பக்கத்துப் புஞ்சையில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த முருகம்மாள் நிமிர்ந்தாள்.

"யாரு, எழில் மேடமா? வருசம் ஒண்ணாச்சே பாத்து!"

"இவரு இந்த வருசம் விதைக்கலையா?"

"எங்கன விதைக்க? போன வருசம் மழை ஏமாத்தவும் பட்டாசுக் கம்பெனிக்குப் போயிட்டான். உங்களுக்குச் சொல்லலையா? வேலைக்குப் போற வழியில என் செடியத்தான போட்டோ புடிக்கான்! நீங்க சொன்ன மருந்த வந்து எங்கிட்டச் சொல்லுவான். அதுலதான் இந்தப் பருத்தி பொளச்சது."

எழில் வரப்பில் உட்கார்ந்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை. மற்ற புஞ்சைகளைப் பதிந்துவிட்டு, ஐந்தரை மணிக்குத் திரும்பி வந்து காத்திருந்தாள்.

சைக்கிளில் வந்தவன் அவளைக் கண்டதும் இறங்கிவிட்டான். விரல்களிலும் நகங்களிலும் அலுமினியப் பொடி வெள்ளியாய் ஒட்டியிருந்தது. கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"ஏன் சொல்லல?" என்றாள்.

அவன் தரையைப் பார்த்தான். "வெள்ளாமை இல்லன்னு சொல்லிட்டா, அப்புறம் எதக் கேட்டு உங்களுக்குப் போன் பண்ண?"

அவள் கருவியில் அந்தப் புஞ்சைக்கு எதிரே 'தரிசு' என்று பதிந்தாள். அவன் அருகில் நின்று அதைப் பார்த்தான்.

"பொய் சொன்னது தப்புதான். இனிமே அனுப்பல மேடம்."

"முருகம்மா செடிக்கு இன்னொரு தடவ மருந்து அடிக்கணும்," என்றாள் எழில். "அடிச்சுப் பத்து நாள் கழிச்சுப் படம் அனுப்புங்க."

வண்டியைக் கிளப்பித் திருத்தங்கலில் வீடு வந்து சேரும்வரை, சொல்லாமல் விட்டதையெல்லாம் காற்றில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை படம் வந்தது. இலை பச்சையாக இருந்தது. ஒரு பூச்சிகூட இல்லை. நரம்புகள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தன. எழில் மாலைவரை காத்திருந்து போன் செய்தாள்.

"பாத்தீகளா மேடம்?"

"பாத்தேன். படத்துல ஒண்ணும் சரியாத் தெரியல. நேர்லதான் வந்து பாக்கணும்."



"ஞாயித்துக்கெழம எனக்கு லீவு," என்றான் சங்கிலிமுத்து.

"எனக்கும்தான்," என்றாள் எழில்.